வீட்டிலேயே ஆன்டிபயாட்டிக் ட்ரிப்: மருந்தைவிடக் குழாயைக் கவனியுங்கள்

ஜுரம் விட்டாயிற்று, பசி வந்தாயிற்று, வார்டில் எழுந்து உலாவுகிறார், ஆனாலும் வீட்டுக்கு அனுப்ப யோசிக்கிறார்கள், ஏனென்றால் ஊசி இன்னும் 4 வாரம் போக வேண்டும். எலும்பில் தொற்று என்றால் பெரும்பாலும் 6 வாரம், இதய வால்வில் என்றால் 4 முதல் 6 வாரம். அந்த ஊசிக்காக மட்டும் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்றுதான் வீட்டிலேயே கொடுக்கும் வழக்கம் வந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயுள்ள குழந்தைகளுக்கு இப்படிக் கொடுத்ததை 1974-இல் முதன்முதலாக எழுதினார்கள். இன்று பல நாடுகளில் இது சாதாரணம்.

என் அப்பாவுக்குக் கால் எலும்பில் தொற்று வந்தபோது 6 வாரத்தில் 5 வாரம் வீட்டில்தான் ஓடியது, கொடுத்தது நான். மருந்து கொடுப்பது இரண்டு நாளில் பழகிவிடும். குழாயைக் காப்பதுதான் வேலை. உடம்புக்குள் நேராக ரத்தத்துக்குப் போகும் ஒரு வாசலை வாரக்கணக்கில் திறந்து வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டால், கீழே சொல்வதெல்லாம் தானாகவே புரியும்.

ஒத்துக்கொள்ளுமுன் கேட்க வேண்டியது

முதலில் மாத்திரையைக் கேளுங்கள். கூச்சப்படாமல், "இதை வாய்வழியாகக் கொடுக்க முடியாதா டாக்டர்?" என்று. ஒவைவா என்ற பிரிட்டன் ஆய்வு 2019-இல் வெளியானது. எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரில் ஒரு பாதிக்கு ஊசியும் மறுபாதிக்கு வாய்வழி மருந்தும் முதல் 6 வாரம் கொடுத்தார்கள், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் சிகிச்சை தோற்றவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். எல்லோருக்கும் இது பொருந்தாது. என்ன கிருமி, அது எந்த மாத்திரைக்கு அடங்கும், வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆனால் கேட்டால் நஷ்டமில்லை. சில சமயம் 2 வாரம் ஊசி, மீதி மாத்திரை என்றும் முடியும்.

ஊசிதான் என்றால், ஒரு நாளைக்கு ஒரு வேளை போதுமான மருந்து உண்டா என்பது அடுத்த கேள்வி. செஃப்ட்ரியாக்ஸோன், எர்டாபெனெம் போன்றவை பொதுவாக 24 மணி நேரத்துக்கு ஒரு முறை. 6 மணிக்கொரு முறை என்றால் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் எழ வேண்டும். 3 நாளில் வீடே தள்ளாடும். அப்படிப்பட்ட சில மருந்துகளை 24 மணி நேரமும் மெதுவாக ஓடும் பந்து பம்பில் (பலூன் போல உப்பியிருந்து, தானே சுருங்கி மருந்தைத் தள்ளும்) நிரப்பித் தருவதுண்டு, அதையும் விசாரியுங்கள்.

எந்தக் குழாய் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் பேச்சில் நரம்பு ஊசி என்கிறோமே, அது உண்மையில் போவது சிரைக்குள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்க்குள். கையில் குத்தும் சாதாரணக் கேனுலா சில நாள்தான் தாங்கும். மிட்லைன் என்ற கொஞ்சம் நீளமான குழாய் அக்குளுக்குக் கீழேயே நின்றுவிடும், 2 வாரம் போல ஓட்டலாம். அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் பிக் லைன்: மேல்கையில் நுழைத்து, நுனி இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் பெரிய சிரையில் போய் நிற்கும். சிறுநீரகம் பழுதானவர்கள் பிக் லைன் போடுமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைக்கும் இணைப்பு) வைக்க அந்தச் சிரைகள்தான் தேவைப்படும், குழாய் அவற்றைக் கெடுத்துவிடலாம்.

டிஸ்சார்ஜ் அன்று

புது மருந்தின் முதல் டோஸ் வீட்டில் வேண்டாம். ஒவ்வாமை வந்தால் சமாளிக்க ஆள் இருக்கும் இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நர்ஸ் செய்து காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருவதும் போதாது. நீங்கள் செய்ய, அவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், குறைந்தது இரண்டு தடவை. ஒரு தாளில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை மணிக்கொரு முறை, எவ்வளவு நேரம் ஓட வேண்டும், கடைசி நாள் எது, ரத்தப் பரிசோதனை எந்தக் கிழமை, ராத்திரி 2 மணிக்கு எந்த எண்ணுக்கு அடிப்பது, எல்லாம் எழுதி வாங்குங்கள். தோலுக்கு வெளியே குழாய் எத்தனை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் அதில் குறியுங்கள். இதை யாரும் தானாகச் சொல்வதில்லை, ஆனால் பின்னால் குழாய் நகர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அந்த எண் ஒன்றுதான் வழி.

தினமும் செய்வது

கலந்து வைத்த மருந்து ஃப்ரிட்ஜில் இருந்தால் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கதவில் வேண்டாம், ஃப்ரீசருக்குப் பக்கத்திலும் வேண்டாம். சொன்ன நேரத்துக்கு முன்பே வெளியே எடுத்து வைத்து, தானாகச் சில்லென்பது போகட்டும். வெந்நீரில் முக்கவோ மைக்ரோவேவில் வைக்கவோ கூடாது. வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: கலங்கலாக இருந்தால், துகள் மிதந்தால் தூரப் போடுங்கள். செஃப்ட்ரியாக்ஸோன் இளமஞ்சளாக இருப்பது இயல்பு, முதல் நாள் நான் பயந்தது போல நீங்களும் பயப்பட வேண்டாம். நீங்களே கலப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: அதே மருந்தை இடுப்பில் போடுவதற்கு லிக்னோகெயின் என்ற மரத்துப்போகவைக்கும் மருந்து கலந்த திரவம் கொடுப்பார்கள், அது ட்ரிப்பில் ஒருபோதும் போகக் கூடாது. கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் போன்ற ட்ரிப்போடும் இது சேரக் கூடாது.

மேசையைத் துடையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவி நன்றாக உலர்த்துங்கள். அப்புறம் குழாயின் நுனியில், சிரிஞ்சைப் பொருத்தும் மூடி. இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஸ்பிரிட் துடைப்பானைப் பிரித்து, மூடியின் தலையையும் பக்கவாட்டையும் திருகுகிற மாதிரி அழுத்தித் தேய்க்க வேண்டும், 1 முதல் 15 வரை நிதானமாக எண்ணும்வரை. பிறகு கையை எடுத்துக் காய விடுங்கள். காய்வதும் கிருமியைக் கொல்வதில் ஒரு பகுதிதான். ஊதிக் காயவைக்கக் கூடாது, வாயிலிருக்கிற கிருமி அங்கே போய் உட்காரும். தேய்த்த பிறகு மூடி சட்டையில் பட்டாலும் கையில் பட்டாலும் மறுபடி 15. அப்பா ஒரு நாள், "என்னடா இது, பாத்திரம் விளக்குகிற மாதிரி" என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்து 10 மில்லி சலைன் சிரிஞ்ச். சின்ன சிரிஞ்ச் வேண்டாம், அது கொடுக்கும் அழுத்தம் அதிகம், பிக் லைன் கிழியக்கூடும். காற்றை வெளியேற்றிவிட்டு, கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி தள்ளுங்கள். இந்த விட்டுவிட்டுத் தள்ளும் முறை குழாயின் உட்சுவரைக் கழுவிவிடும். போக மறுத்தால் பலம் காட்டாதீர்கள். கிளாம்ப் (குழாயை நெருக்கி அடைக்கும் கிளிப்) மூடியிருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போன் செய்யுங்கள். சலைன் போனதும் மருந்தை இணையுங்கள், மருந்து முடிந்ததும் மறுபடி சலைன். சிலருக்குக் கடைசியில், குழாயில் ரத்தம் உறையாமலிருக்க, ஹெப்பாரின் சொல்வார்கள், சொன்னால் மட்டும். மூடியைக் கழற்ற நேர்ந்தால் முதலில் கிளாம்பைப் போடுங்கள், திறந்த குழாய் வழியாகக் காற்று உள்ளே போய்விடக் கூடாது.

வேகம் முக்கியம். வான்கோமைசின் 1 கிராம் என்றால் குறைந்தது 1 மணி நேரம் ஓட வேண்டும், அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். சீக்கிரம் முடியட்டும் என்று ட்ரிப் உருளையைத் திறந்துவிடுகிற கை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும், அந்தக் கையை அடக்குங்கள்.

பந்து பம்பில் சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை. ஒரு ராத்திரி நான் இணைத்துவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் பார்த்தால் பந்து அப்படியே உப்பிக்கொண்டிருக்கிறது. பம்ப் குழாயில் இருந்த வெள்ளை கிளாம்பைத் திறக்கவே இல்லை! ஒரு வேளை டோஸ் தவறிப்போயிற்று. அப்போது எனக்கு வந்த முதல் யோசனை, அடுத்த டோஸோடு சேர்த்துப் போட்டுவிடலாம் என்பது. நல்லவேளை, நர்ஸைக் கேட்டேன், திட்டுத்தான் வாங்கினேன். தவறிய டோஸை நீங்களாக இரட்டிப்பாக்கக் கூடாது. அதிலிருந்து இணைத்ததும் கிளாம்பை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்துப் பந்து சுருங்கியிருக்கிறதா என்று மறுபடி பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

மற்ற நேரத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. குழாய் உள்ள கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள், கனமான பொருளைத் தூக்காதீர்கள், ஆனால் கையை முடக்கியும் வைக்காதீர்கள். குளிக்கும்போது பிளாஸ்டிக் உறை, நீச்சல் கிடையாது. கண்ணாடி போன்ற டிரெஸ்ஸிங் 7 நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும், ஆனால் ஓரம் கிளம்பினாலோ நனைந்தாலோ அன்றே மாற்ற வேண்டும். ஊசிகளுக்குக் கெட்டியான டப்பா ஒன்று வையுங்கள், பயன்படுத்திய ஊசிக்கு மூடி மாட்ட முயன்று கையில் குத்திக்கொள்ளாதீர்கள்.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், பொதுவாக வாரம் ஒருமுறை இருக்கும். வான்கோமைசின், ஜென்டாமைசின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கலாம், ஜென்டாமைசின் காதையும். டாப்டோமைசின் என்றால் தசை நொதி பார்ப்பார்கள். உங்களுக்கு எதுவுமே தெரியாமல் ரிப்போர்ட்டில் மட்டும் முதலில் தெரியும் என்பதால்தான் இந்தப் பிடிவாதம்.

எப்போது ஓட வேண்டும்

மருந்து ஓடும்போது உதடு, நாக்கு வீங்கினால், மூச்சுத் திணறினால், தலை சுற்றிக் கண் இருட்டினால் உடனே கிளாம்பைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், குழாயைப் பிடுங்காதீர்கள், அவர்களுக்கு அது வேண்டும். சலைன் தள்ளியதற்குப் பிறகு சற்று நேரத்தில் பல் கிட்டும் அளவுக்குக் குளிர் நடுக்கமும் ஜுரமும் வந்தால் குழாயிலேயே கிருமி குடியேறியிருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காலை வரை பார்க்கலாம் என்று ஜுர மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். அந்தக் கையோ கழுத்தோ வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். குழாய் கிழிந்தால் கிழிந்த இடத்துக்கும் தோலுக்கும் நடுவே மடக்கிப் பிடித்துக்கொண்டே கிளம்புங்கள். நாளுக்கு 3 தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால் போனிலாவது சொல்லுங்கள், ஆன்டிபயாட்டிக்கால் வரும் ஒருவகைக் குடல் தொற்றாக இருக்கலாம், நீங்களாக வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை போட்டுவிடக் கூடாது.

கடைசி டோஸ் முடிந்ததும் குழாய் எப்போது வெளியே வரும் என்று கேளுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று விட்டுவைத்த குழாயில்தான் தேவையில்லாமல் தொற்று வரும். எடுப்பது பெரிய விஷயமில்லை: படுக்கவைத்து, மெதுவாக இழுத்து, அந்த இடத்தை அழுத்திப் பிடிப்பார்கள். வெளியே வந்ததை நர்ஸ் ஸ்கேலில் வைத்து அளந்து, போட்டபோது குறித்த நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் நீங்கள் கேளுங்கள். கட்டு மறுநாள் வரை இருக்கட்டும்.