கார் தானாக வேகமெடுக்கிறதா? முதலில் காற்று வரும் வழியைத் தேடுங்கள்

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தால் யாருக்கும் வயிறு கலங்கும். என் பழைய காரில் இப்படி நடந்தபோது பழுதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் செருகினேன். பி0507 என்ற கோடு (பழுதுக் குறியீடு) வந்தது. ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) அளவுக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். உடனே, ஐடிலிங்கில் காற்றை அளந்து விடும் ஐடில் வால்வைப் புதிதாக வாங்கி மாட்டினேன். மறுநாளும் அதே உறுமல். வெடித்த ஒரு ரப்பர் ட்யூப்தான் காரணம் என்று தெரிய இரண்டு வாரம் ஆனது.

கோடு சொல்வது அறிகுறியை மட்டும்தான். பெட்ரோல் இன்ஜின் வேகமெடுக்கக் காற்று வேண்டும். கேபிள் வைத்த பழைய காரில் எந்த சென்சாரும், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டைத் திறக்க முடியாது. அதனால் கூடுதல் காற்று எந்த வழியாக நுழைகிறது என்று பாருங்கள்.

ஓடும்போதே நடந்தால்: பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள், விட்டுவிட்டு மிதிக்காதீர்கள். த்ராட்டில் திறந்திருக்கும்போது பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்கம் (இன்ஜின் உறிஞ்சும் இழுவை) கிடைக்காது, இரண்டு மூன்று மிதிக்குள் பெடல் கல்லாகிவிடும். நியூட்ரலுக்கு மாற்றி, ஓரமாக நிறுத்திய பிறகே இன்ஜினை அணையுங்கள். ஓட்டத்தில் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

முதல் வேலை, கால்மிதி. சிரிக்காதீர்கள், பெடலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

இரண்டாவது, கேபிளும் தகடும். இன்ஜினை அணைத்துவிட்டு, த்ராட்டில் பாடியில் (தகடு இருக்கும் கூட்டில்) கேபிள் மாட்டியிருக்கும் நெம்புகோலைக் கையால் திருப்பி விடுங்கள். 'டக்'கென்று மூட வேண்டும். மெதுவாகத் திரும்பினால், கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி செய்து பாருங்கள். இப்போது சரியாக மூடினால் குற்றவாளி கேபிள். அப்போதும் ஒட்டினால் தகட்டைச் சுற்றிக் கார்பன் படிந்திருக்கும். த்ராட்டில் பாடி கிளீனரும் பழந்துணியும் போதும்.

மூன்றாவதுதான் பலர் தவறவிடுவது: வேக்கம் கசிவு, அதாவது வெடித்த ட்யூப் வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைவது. ஐடிலிங்கில் 700 முதல் 900 வரை ஓட வேண்டிய இன்ஜின் 1,500-இல் நிற்கிறதா? இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டிலிருந்து போகும் ஒவ்வொரு ட்யூபையும் தடவிப் பாருங்கள். முனைகளில்தான் வெடிப்பு விழும். ஒவ்வொன்றாகக் கிடுக்கியால் நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஆர்பிஎம் இறங்குகிறதோ, அந்த வழியில் கசிவு. பிரேக் பூஸ்டர் ட்யூபை மறக்காதீர்கள். சூடான இன்ஜின் மேல் கார்ப் கிளீனர் அடித்துக் கசிவு தேடும் பழக்கம் சிலருக்கு உண்டு. தீப்பிடிக்கும், வேண்டாம்.

இதெல்லாம் சரி என்றால் மட்டும் சென்சாருக்கு வாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் சாவியைப் போட்டு, கூலன்ட் வெப்பநிலையை ஸ்கேனரில் பாருங்கள். வெளி வெப்பத்தை ஒட்டி இருக்க வேண்டும். மைனஸ் 40 காட்டினால் பெரும்பாலும் வயர் அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. இன்ஜின் உறைந்து கிடக்கிறது என்று நம்பி, இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டி ஐடிலிங்கையும் ஏற்றிவிடும்.

அடுத்தது, தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சார். மல்டிமீட்டரை சிக்னல் வயரில் வைத்து, சாவி ஆன், இன்ஜின் ஆஃப். மூடிய நிலையில் பெரும்பாலான கார்களில் 0.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும், முழுக்க மிதித்தால் 4.5-ஐ நெருங்கும். பெடலை நத்தை வேகத்தில் அழுத்துங்கள். எண் சீராக ஏறாமல் நடுவில் விழுந்து எழுந்தால் உள்தடம் தேய்ந்துவிட்டது. வண்டி குலுங்கிக் குலுங்கிப் போவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். முள் வைத்த பழைய மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது, துள்ளல் கண்ணில் படும். இந்த சென்சாரின் சிக்னல் குறைவு, அதிகம் என்று சொல்லும் பி0122, பி0123 கோடுகள் வந்திருந்தாலும் முதலில் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்தாலே பாதி நேரம் சரியாகிவிடும்.

கேபிளே இல்லாத, எலெக்ட்ரானிக் த்ராட்டில் கார் என்றால் கதை வேறு. அதில் தகட்டை விரலால் தள்ளக்கூடாது, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பழுது பார்த்ததும் ஸ்கேனரில் பழுதுக் கோடை அழித்துவிட்டு, நெரிசல் இல்லாத சாலையில் ஓட்டிப் பாருங்கள். அதே கோடு திரும்பி வந்தால் பானட்டைத் திறந்து, மூன்றாவது வேலையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.