சரக்கு விமானத்திலிருந்து இறக்கும் பிளாட்ஃபார்ம்: மறுபடி பயன்பட வேண்டுமானால் செய்யக்கூடாதவை

கனமான சரக்கை ஒரு பிளாட்ஃபார்மில், அதாவது உலோகத் தளத்தில், கட்டி விமானத்திலிருந்து பாராசூட் குடைகளில் இறக்குகிறார்கள். இறக்கிய பிளாட்ஃபார்மை யார் திரும்பக் கொண்டுவருவது? வரைபடம் தொடங்கும் முன்பே கேட்க வேண்டிய இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறார்கள். இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆக்ரா ஆய்வுக்கூடம் ஐ.எல்.-76 சரக்கு விமானத்துக்காக உருவாக்கிய பி-7 அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுமக்கும் சரக்கு 7 டன் வரை. அலுமினியமும் எஃகும் சேர்ந்த பிளாட்ஃபார்ம் மட்டும் ஏறத்தாழ 1,100 கிலோ. அதோடு பிரதானக் குடைகள் ஐந்து, பிரேக் குடைகள் ஐந்து, துணைக் குடைகள் இரண்டு, வெளியே இழுக்கும் குடை ஒன்று. லாரியும் கிரேனும் போகாத இடத்தில் இதை இறக்கினால் மறுபயன்பாடு ஏட்டளவில்தான். அங்கே மலிவான பாலிப்ரொப்பிலீன் துணியில் தைத்த, ஒரே தடவைக்கான குடையே புத்திசாலித்தனம். தெற்கு சூடானில் உலக உணவுத் திட்டம் தானியத்தைப் பல அடுக்குச் சாக்கில் கட்டிக் குடையே இல்லாமல் வீசுகிறது. திரும்ப எடுக்க ஒன்றுமில்லை என்பதுதான் அந்த முறையின் பலம்.

எடுத்துவர வழி உண்டு என்றால், அடுத்து இறங்கும் வேகம். கடல்மட்டக் காற்றை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு அதே பொதியை லடாக்கில் இறக்குவது அடிக்கடி நடக்கும் பிழை. லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 30 சதவீதம் குறைவு. கடல்மட்டத்தில் நொடிக்கு 8 மீட்டரில் இறங்கும் பொதி அங்கே 9.5 மீட்டரில் இறங்கும். வேகம் கூடியது 19 சதவீதம்தானே என்று விட்டுவிட முடியாது. தரையில் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். ஒரு குடை விரியாமல் போவதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். ஐந்தில் ஒன்று போனால் மோதல் ஆற்றல் 25 சதவீதம் கூடும். இரண்டில் ஒன்று போனால் இரட்டிப்பாகும். பெரிய குடை இரண்டை விட நடுத்தரக் குடை ஐந்து நல்லது என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சரக்குக்கு அடியில் வைத்து அதிர்ச்சியைத் தாங்கும் தேன்கூட்டு அட்டையில்தான் (தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட காகித அட்டை) நல்ல பொறியாளர்களும் சறுக்குகிறார்கள். அட்டை அதிகமானால் பாதுகாப்பும் அதிகம் என்ற நினைப்பு தவறு. 2,000 கிலோ பொதி, வேகம் நொடிக்கு 8 மீட்டர், சரக்கு தாங்கும் வேகக்குறைப்பு 15 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 15 மடங்கு) என்று வைத்துக்கொள்வோம். நிற்பதற்குத் தேவையான தூரம் 22 செ.மீ. அட்டை தன் கனத்தில் 70 சதவீதம் வரைதான் ஒழுங்காக நசுங்கும்; அதன்பிறகு கல்லாக இறுகிவிடும். ஆகவே கனம் 31 செ.மீ. வேண்டும். வழக்கமான 76 மி.மீ. தாள் நாலு அடுக்கினால் 30.4 செ.மீ.தான் வருகிறது. ஐந்தாவது தாளை வையுங்கள். லே என்றால் ஆறு தாள்.

பரப்பளவு வேறு கதை. இந்த அட்டை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 டன் விசையில் நசுங்கத் தொடங்கும். மேற்சொன்ன பொதிக்கு நம் வரம்பில் மொத்த விசை, 15 ஜி-க்கான 30 டன்னோடு பொதியின் சொந்த எடை 2 டன்னும் சேர்ந்து, 32 டன். அதாவது ஒரு சதுர மீட்டரை விடச் சற்றே அதிகப் பரப்பு போதும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு சதுர மீட்டர் பரப்பினால் நசுக்கும் விசையும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், சரக்கு 29 ஜி வாங்கும். கனத்தைக் கூட்டலாம், பரப்பைக் கணக்கில்லாமல் கூட்டக்கூடாது. அட்டை ஒருமுறை நசுங்கினால் குப்பைதான் என்பதால் காற்றுப்பை வைக்கத் தோன்றும். காற்றுப்பையின் வால்வு சரியான நேரத்தில் திறக்காவிட்டால் பொதி துள்ளும். பக்கவாட்டுக் காற்று இருந்தால் துள்ளிய பொதி கவிழும். அட்டையைச் செலவுப்பொருளாக ஒப்புக்கொண்டு பிளாட்ஃபார்மைக் காப்பாற்றுவதே மேல்.

விமானத்துக்குள் நடப்பதைப் பற்றி. இழுப்புக் குடை பின்னால் விரிந்து முழு இழுவை வந்த பிறகே, பொதியை விமானத்தின் தளத்தோடு பிடித்திருக்கும் லாக் விட வேண்டும். முன்பே விட்டால் பொதி மெதுவாக உருளும். அதன் எடை ரேம்ப் (விமானத்தின் பின்புறச் சாய்தளம்) விளிம்பில் தங்கும் நேரம் நீளும், விமானத்தின் மூக்கு தூக்கும், பொதியும் விளிம்பைத் தாண்டும்போது குட்டிக்கரணம் போடும். குடை விரிந்தும் லாக் விடாவிட்டால் இன்னும் மோசம். இழுவைக் கயிற்றை விமானத்துக்குள்ளிருந்தே அறுத்துவிட வழி இல்லாத வடிவமைப்பை ஏற்றவே கூடாது.

வெளியே வந்த பொதியின் பின்னால் கலங்கிய காற்று சுழலும். அதைத் தாண்டிக் குடை விரியக் கயிறு நீளமாக இருக்க வேண்டும். கலங்கிய காற்றை மறந்ததற்கு நாசா கொடுத்த விலை தெரிந்ததே. 2008 ஜூலை 31 அன்று அரிசோனாவின் யூமாவில் ஓரியன் விண்கலத்தின் மாதிரியை சி-17 விமானத்திலிருந்து இறக்கினார்கள். மாதிரியைச் சோதனை நிலைக்குக் கொண்டுவர வைத்திருந்த குடை, மற்ற குடைகளின் பின்னோட்டக் காற்றில் சிக்கிச் சரியாக விரியவில்லை. மாதிரி நொறுங்கியது. கோளாறு ஓரியனின் குடைகளில் இல்லை, சோதனை ஏற்பாட்டில் இருந்தது. முதலில் விரியும் சின்னக் குடையின் கயிறு நீளத்தைக் குறைத்து எடை மிச்சம்பிடிக்க நினைப்பவர்கள் அந்தச் சோதனையை ஒருமுறை படிக்கலாம்.

தரை தொட்டதும் குடை கழன்றுகொள்ள வேண்டும். இல்லையென்றால் காற்று குடையை ஊதிப் பிளாட்ஃபார்மைக் கல்லிலும் முள்ளிலும் இழுத்துப் போகும். இறங்கும்போது தப்பியது இழுபடும்போது வளையும். கயிறு தளர்ந்தால் கழலும் கொக்கி மட்டும் போதாது. குடை விரியும் உதறலில் கயிறு நடுவானிலேயே ஒரு கணம் தளரும். அதனால் விரிந்து நிலைப்படும்வரை கொக்கியைப் பூட்டி வைக்கும் தாமதமும் கட்டாயம். அந்தத் தாமதத்தைத் தரும் கட்டரும் (கயிறு அறுக்கும் சிறு கருவி), குடை வாயைச் சிறிது நேரம் கட்டி வைக்கும் சுருக்குக் கயிற்றின் கட்டரும் வெடிமருந்தில் இயங்குபவை என்றால் ஒருமுறைக்கானவை. ஒவ்வொரு இறக்கத்தின் செலவுக் கணக்கிலும் அவற்றை எழுதுங்கள்.

கடைசியாக, குடைத் துணிக்கும் பட்டைக்கும் பயன்படும் நைலான். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சத்தமில்லாமல் பலவீனமாக்கும். உரசல் சூட்டில் அது உருகும். தையலுக்குள் புகுந்த மணல் இழையை அறுக்கும். உப்புநீர் பட்டால் காய்வதற்குள் நன்னீரில் அலச வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கும் பட்டை பலமாகவும் இருக்கும் என்று நம்பக்கூடாது. பலத்தை அறியப் பட்டையை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். எனவே தைக்கும்போதே அதே சுருளிலிருந்து சுமை ஏறாத துண்டுகள் சிலவற்றைக் கூடவே தைத்துவிடுங்கள். குறிப்பிட்ட தடவைகளுக்கு ஒருமுறை ஒரு துண்டை வெட்டி இழுத்துப் பார்க்கலாம். பயன்படப் பயன்படத் துணியில் காற்று கூடுதலாகக் கசியும், விரிவதும் பிந்தும். புதுக்குடை ஒன்றைப் பழைய நாலோடு கட்டினால் புதியது முந்தி விரிந்து சுமையில் பெரும்பங்கைத் தானே வாங்கும். ஒவ்வொரு குடைக்கும் தனிப் பதிவு அட்டை போட்டு, இறங்கிய தடவைகள் ஏறத்தாழ ஒன்றாக இருப்பவற்றையே ஒரு கொத்தில் சேருங்கள்.