ஹெட்போனுக்குத் தனி அம்ப்ளிஃபயர் தேவையா?

காசு செலவழிக்க முதல் ஹெட்போன் பெட்டியில் எத்தனை ஓம் (அதன் மின்தடை அளவு) என்று பாருங்கள். 16 முதல் 32 ஓம் என்றால் லேப்டாப்பே பெரும்பாலும் போதும். சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் சாமான்தான் கூடுதல் வோல்டேஜ் கேட்கும், ஓம் குறைந்தாலும் சென்சிட்டிவிட்டி (கொடுக்கிற பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) குறைந்த சில பிளேனர் (தட்டையான மெல்லிய தகடு அதிரும்) வகைகளுக்கும் கூடுதல் பவர் வேண்டும். புளூடூத் என்றால் அம்ப் உள்ளேயே இருக்கிறது, விடுங்கள்.

சரி, சோதிப்பது எப்படி? சத்தம் குறைவாகப் பதிவான ஒரு பாட்டைப் போட்டு வொல்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பாதி தாண்டியதுமே காதுக்குப் போதும் என்றால் அம்ப் வேண்டாம். முழுவதும் வைத்தும் சத்தம் காணாது என்றால் மட்டும் வாங்குங்கள்.

இரைச்சல் வேறு கதை. சார்ஜரைக் கழற்றியதும் ‘ம்ம்’ சத்தம் நின்றால் கோளாறு மின்சாரப் பக்கம். மவுஸை அசைக்கும்போது கரகரத்தால் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வருகிறது, அதற்கு ஒரு சின்ன யூஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் ஒலியைக் கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்து மாற்றித் தரும் கருவி) பெரும்பாலும் போதும். டச்பே மாதிரிக் கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் முதலில் ஜாக்கைப் பாருங்கள்: உப்புக்காற்றில் கறுத்திருந்தால் ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.