கண்மாயிலும் ஆற்றிலும் மீன் கணக்கெடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு என்று செட்டிநாட்டுப் பக்கம் ஆறுகளுக்குப் பெயருக்குக் குறைவில்லை. தண்ணீர்தான் வருஷம் முழுக்க இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஓடிவிட்டு அப்புறம் மணலாகக் கிடக்கும். மீனெல்லாம் மடுவிலும் கண்மாயிலும் ஊருணியிலும் ஒதுங்கிவிடும். ஆற்று மணலில் நாலு இடம் பார்த்துவிட்டு “மீன் இல்லை” என்று எழுதுவதுதான் இங்கே நடக்கிற முதல் தவறு. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், கண்மாய், நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு எல்லாம் சேர்ந்ததுதான் இந்த ஊர் ஆறு. கணக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது, கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் நாட்டு மீன் என்று போடுவது. இவை கங்கைப் பக்கத்து மீன்கள்; ஜிலேபி மீன் (திலாப்பியா) மாதிரி கடல் தாண்டி வராவிட்டாலும் நம் ஆறுகளுக்கு வெளியாள்தான். தேங்கிய தண்ணீரில் இவை பொதுவாக முட்டையிடாது. குத்தகைக்காரர்கள் குஞ்சு வாங்கி விடுவதால்தான் கண்மாயில் இருக்கின்றன. எண்ணிக்கை கூடியிருந்தால் குஞ்சு கூட விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எப்போது, என்ன குஞ்சு விட்டார்கள் என்று கேட்டு எழுதாத கணக்கு எனக்குக் கணக்கே இல்லை. இந்த ஆற்றுக்கே உரியவை, வேறு இந்திய ஆறுகளிலிருந்து வந்தவை, வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று மூன்று பத்தி போட்டுக்கொள்வது நல்லது.

கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். மீன் மேல் கவிழ்த்துப் பிடிக்கிற ஊத்தாக் கூடை, கச்சா, வலையோடு ஊரே இறங்கும். ஒரே காலையில் இத்தனை மீனைப் பார்க்க வேறு வாய்ப்பு கிடையாது, கட்டாயம் போங்கள். ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் வைத்து வருஷக் கணக்கு எழுதாதீர்கள். தண்ணீர் சுருங்கியதால் மீன் நெருங்கி நிற்கிறது. பெருகிவிட்டது என்று அர்த்தமில்லை. மழை பெய்து கலுங்கு பாயும்போது புதுத்தண்ணிக்கு ஏறுகிற மீன்களைப் பார்ப்பதும், தை மாதம் தண்ணீர் நிதானப்பட்ட பிறகு ஒருமுறை வலை போடுவதும் சேர்ந்தால்தான் ஓரளவு படம் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் எவ்வளவு ஆழம், எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்ன கண் அளவு வலை என்று குறித்தாக வேண்டும். இதெல்லாம் இல்லாமல் “ஜிலேபி 200” என்று எழுதி வைத்தால், அடுத்த வருஷ 300-ஐ எதோடு ஒப்பிடுவீர்கள்?

வலை விஷயத்தில் சோம்பல் கூடாது. பெரிய கண் வீச்சு வலையில் அயிரை நிற்காது. மணலுக்குள் புதையும் மீன் அது. சின்னக் கண் வலையை அடியோடு அரித்துத்தான் எடுக்க வேண்டும். விராலோ சீமைக்கருவேல முள்ளுக்குள் பதுங்கியிருக்கும். வலை கிழியும் என்று வெட்டவெளித் தண்ணீரில் மட்டும் வீசினால் விராலே இல்லாத கண்மாய் என்று முடிவு வரும். அங்கே தூண்டிலும் ஊத்தாவும்தான் சரி.

இனி ஜிலேபி. மொசாம்பிக் ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத கண்மாயைத் தேட வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் கருத்துப்போய், துடுப்பு ஓரம் சிவந்து நிற்கும். அதை வேறு இனம் என்று தனியாக எழுதி வைக்கிறவர்கள் உண்டு. பண்ணைகளில் வளர்க்கும் நைல் ஜிலேபிதான் உண்மையிலேயே வேறு இனம். அதன் வால் துடுப்பில் குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரியும். பெண் ஜிலேபியை நிறுக்கும்போது வாயைக் கவனியுங்கள். முட்டையையும் குஞ்சையும் வாயில் அடைத்து வைத்திருக்கும், கையில் பிடித்ததும் வாளிக்குள் துப்பிவிடும். துப்பியதைக் கவனிக்காமல் அந்த வாளியோடு அடுத்த ஊருணிக்குப் போனால், கணக்கெடுக்கப் போன நீங்களே அங்கே ஜிலேபியை விட்டவர் ஆகிறீர்கள்.

கரையோரச் சின்ன மீன்களை யாரும் எண்ணுவதில்லை. கொசுப்புழு தின்ன விட்ட கம்பூசியாவும் கப்பியும் அங்கேதான் திரியும். அவற்றோடே, தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னும் நாட்டுக் குட்டி மீனும் நிற்கும். மேலிருந்து பார்த்தால் பொட்டு பளிச்சென்று தெரியும். பொட்டு இருந்தால் அது நம்முடையது. கெளுத்தியில் இப்படிச் சுலபமான அடையாளம் கிடையாது. வளர்ப்பதற்குத் தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியோ என்று சந்தேகம் வந்தால் தலையை மேலிருந்தும் உடம்பைப் பக்கவாட்டிலும் அளவுகோலோடு படம் எடுத்து, தெரிந்தவர்களிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.

சந்தை மீனைக் கணக்கில் சேர்க்காதீர்கள், எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று விற்கிறவருக்கே பல நேரம் தெரியாது. வலை போட்டும் ஒன்றும் கிடைக்காத நாளையும் பூஜ்யம் என்று எழுதுங்கள்.

வேலை முடிந்ததும் வாளித் தண்ணீரைக் கரை மேட்டில் கொட்டி, வலையை வெயிலில் மொறமொறவென்று காயவிட்ட பிறகே அடுத்த ஊருணிக்குக் கிளம்புங்கள். சினையாக இருக்கும் ஒரு கம்பூசியா போய்ச் சேர்ந்தாலே அந்த ஊருணிக்குப் போதும்.