ஒரே முக்கோணத்தில் மூன்று வட்டம், ஒரு கோடு: கவராயத்தோடு படிப்படியாக

சுற்றுவட்டம், உள்வட்டம், ஒன்பது புள்ளி வட்டம், ஆய்லர் கோடு எல்லாம் ஒரே முக்கோணத்தில் சேர்ந்த இந்தப் படம் பெரும்பாலும் முதல் கோட்டிலேயே கெட்டுப்போகும், முக்கோணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது. தோட்டத்துப் பக்கம் வளர்ந்த கண்ணுக்குப் பழகியது சமபக்க முக்கோணம். செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் அப்படித்தான் நடுகிறார்கள்; நிரைக்கு நிரை 7.8 மீட்டர். மூன்று மரத்துக்கு நடுவில் நின்றால் எந்த மரமும் 5.2 மீட்டர் தூரத்தில் இருக்கும். பயிற்சிக்கு மட்டும் அது உதவாது. நான்கு மையங்களும் (சுற்றுவட்ட, உள்வட்ட, செங்கோட்டு, நடுக்கோட்டு மையங்கள்) ஒரே புள்ளியில் குவிந்துவிடும், உள்வட்ட மையம் தவிர்த்த மூன்றையும் இணைக்கும் ஆய்லர் கோடு என்று ஒன்றே இருக்காது.

புத்தகங்களுக்குப் பிடித்த 13, 14, 15 முக்கோணமும் வேண்டாம். உள்வட்ட ஆரம் சரியாக 4 வருவது கணக்குக்கு அருமைதான். ஆனால் படி 5-இல் வரும் ஒன்பது புள்ளி வட்டத்தின் ஆரம் 4.06. செ.மீ.யில் வரைந்தால் இரண்டு வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று அப்பிக்கொள்ளும்; இடைவெளி அதிகபட்சம் 1.25 மி.மீ.

நமக்கு வேண்டியது இது: பி (0, 0), சி (15, 0), ஏ (5, 10). எல்லாம் செ.மீ.

தாளும் கருவியும்

ஏ4 தாளைப் படுக்கவைத்து, பிசி கோட்டுக்குக் கீழே 6 செ.மீ. விடுங்கள். சுற்றுவட்டம் கீழே 5.4 செ.மீ. இறங்கும், ஓரத்தில் பிசி போட்டவர்களுக்கு வட்டம் மேசையில்தான் முடியும். தாளுக்கு அடியில் ஓர் அட்டை வையுங்கள், ஊசி வழுக்காது. மூட்டு தளர்ந்த ஜங்கா லூகிஸ் (கவராயம்) வேண்டவே வேண்டாம். வட்டம் முடியும் இடம் தொடங்கிய இடத்தோடு சேரவில்லை என்றால் கை மேல் பழி போடாமல் திருகை இறுக்குங்கள். பென்சில் 2எச். கிராஃப் தாளில் வரையலாம், ஆனால் சிறு கட்டம் 2 மி.மீ. என்றால் 2.5 செ.மீ. கட்டத்தின் நடுவில் விழும், கவனம்.

படி 1: சுற்றுவட்டம்

இரண்டு பக்கங்களுக்கு மையக்குத்துக்கோடு, அதாவது பக்கத்தை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு, போதும். இடைநிலைப்பள்ளியில் மலாயில் இதைத்தான் ‘பெம்பாஹாகி டுவா சாமா செரென்ஜாங்’ என்கிறார்கள். எந்த இரண்டு? ஏபி, ஏசி. அந்தக் கோடுகள் ஏறக்குறைய 72 பாகையில் வெட்டும். பிசி, ஏசி எடுத்தால் 45 பாகைதான். வெட்டுமிடம் நீளமாக இழுபடும், புள்ளி எது என்று தெரியாது. கவராயத்தைப் பக்கத்தின் நீளத்தில் 0.7 பங்கு விரியுங்கள் (ஏசிக்கு 10 செ.மீ., ஏபிக்கு 8 செ.மீ.). விற்கள் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் வெட்டும்.

மையம் (7.5, 2.5). ஆரம் 7.9. மூன்று முனைகளையும் வட்டம் தொட வேண்டும்.

படி 2: உள்வட்டம்

பி, சி கோணங்களை இருசமமாக வெட்டுங்கள். கோடுகள் சந்திக்குமிடம் உள்வட்ட மையம், (6.02, 3.72).

ஆரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கோண இருசமவெட்டி எதிர்ப்பக்கத்தை வெட்டும் இடம் வரை கவராயத்தை விரிக்கக் கூடாது. மையத்திலிருந்து பிசிக்குச் செங்குத்து இறக்கி, அந்த நீளத்தை எடுங்கள்: 3.72. மற்றதை எடுத்தால் வட்டம் பக்கத்தைத் தாண்டி வெளியே பிதுங்கும். அரை மி.மீ. பிதுங்கினாலே சந்தேகப்படுங்கள்.

படி 3: குத்துக்கோடுகளும் நடுக்கோடுகளும்

குத்துக்கோட்டுக்கு மூலைமட்டம். அதன் மூலை தேய்ந்திருக்கும், அதை நம்பாமல் ரூலரைப் பக்கத்தோடு ஒட்டிவைத்து மூலைமட்டத்தை முனை வரை நகர்த்துங்கள். குத்துக்கோடுகள் எதிர்ப்பக்கத்தில் விழும் அடிகள் (5, 0), (7.5, 7.5), (3, 6). மூன்றும் (5, 5)-இல் சந்திக்கும். அது செங்கோட்டு மையம்.

நடுக்கோடுகள் பக்கத்தின் நடுப்புள்ளிக்குப் போகும்: (7.5, 0), (10, 5), (2.5, 5). அவை சந்திப்பது (6.67, 3.33)-இல், அது நடுக்கோட்டு மையம்.

படி 4: ஆய்லர் கோடு

செங்கோட்டு மையத்தையும் சுற்றுவட்ட மையத்தையும் இணையுங்கள். நீளம் 3.54. நடுக்கோட்டு மையம் அதன்மேலேயே உட்கார்ந்திருக்கும், செங்கோட்டு மையத்திலிருந்து 2.36, சுற்றுவட்ட மையத்திலிருந்து 1.18. எப்போதும் இரண்டுக்கு ஒன்று.

இப்போது உள்வட்ட மையத்தைப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே, வெறும் 1.8 மி.மீ. தள்ளி இருக்கும். ‘நாம்தான் பிசகிவிட்டோம்’ என்று அதைக் கோட்டுக்கு இழுத்து ஒட்டவைக்காதீர்கள். இருசமபக்க முக்கோணமாக இருந்தால் மட்டுமே அது ஆய்லர் கோட்டில் விழும். மற்ற மூன்றும் சேர்ந்து நிற்க, இது மட்டும் தனிக்குடித்தனம். அந்த 1.8 மி.மீ. தெளிவாகத் தெரிந்தால் உங்கள் கை சுத்தம்.

படி 5: ஒன்பது புள்ளி வட்டம்

ஆய்லர் கோட்டுத்துண்டின் நடுப்புள்ளி (6.25, 3.75). ஊசி அங்கே, பென்சில் (5, 0)-இல். ஆரம் 3.95, அதாவது சுற்றுவட்ட ஆரத்தில் பாதி. வட்டத்தைச் சுற்றினால் மூன்று அடிகளும் மூன்று நடுப்புள்ளிகளும் அதில் விழும். மீதி மூன்று, முனைகளுக்கும் செங்கோட்டு மையத்துக்கும் நடுவில் உள்ளவை: (5, 7.5), (2.5, 2.5), (10, 2.5).

இந்த வட்டத்தை வேறு நிறத்தில் போடுங்கள். இடப்பக்கம் (2.33, 3.24) அருகே உள்வட்டம் அதை உள்ளிருந்து தொடும், வெட்டாது. ஃபாயர்பாக் 1822-இல் நிறுவியது இதைத்தான். தாளில் அந்த இடம் ஒரு தடித்த கோடாகத்தான் தெரியும். உறுதிசெய்ய ஜியோஜிப்ராவில் அதே மூன்று முனைகளைப் போட்டுப் பெரிதாக்குங்கள். இலவச மென்பொருள்தான், ஆனால் கையால் வரைந்த பிறகு திறப்பதே நல்லது.

பின்சேர்க்கை

விரிகோண முக்கோணத்தில் வரைந்தவர்கள் ‘குத்துக்கோடு பக்கத்தில் விழவே இல்லை’ என்று கேட்டிருந்தார்கள். பக்கத்தைப் புள்ளிக்கோடாக நீட்டுங்கள், அடி அங்கே விழும். செங்கோட்டு மையமும் சுற்றுவட்ட மையமும் வெளியே போய்விடும், அது பிழை அல்ல. செங்கோண முக்கோணம் எடுத்த ஒருவருக்கு ஒன்பதுக்குப் பதில் ஐந்து புள்ளிதான் கிடைத்ததாம். அதுவும் சரியே: செங்கோண முனையே செங்கோட்டு மையம் என்பதால் நான்கு புள்ளிகள் மற்றவற்றின் மேலேயே விழுந்துவிடுகின்றன.