எத்தனால் ஊற்றி டர்போ வண்டி ஓட்டுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

எத்தனாலின் ஆக்டேன், அதாவது நேரத்துக்கு முன் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், எவ்வளவு என்று கேட்காத ஆள் கிடையாது. எத்தனை லிட்டர் கூடுதலாகக் குடிக்கும், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வண்டியில் இருக்கும் பம்ப்புக்குத் தெம்பு உண்டா என்று கேட்ட ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக பெங்களூரில் 2 லிட்டர் டர்போ செடானை எத்தனால் கலவையில் தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிறேன். நான் செய்த தவறுகளும், நண்பர்கள் செய்து நான் பக்கத்தில் நின்று பார்த்த தவறுகளும், பெரும்பாலும் இந்தக் கேட்காத கேள்வியில்தான் போய் முடிகின்றன.

ஆசைக்குக் காரணம் இருக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் 108-க்குப் பக்கம். ஆவியாகும்போது பெட்ரோலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிசு. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ அதே பவருக்குக் கூடுதலாகச் சுற்ற வேண்டும், காற்றும் கூடுதலாகச் சூடாகும். அங்கே எத்தனாலின் குளிர்ச்சி கைகொடுக்கிறது. நாக்கிங் (எரிபொருள் தானாக வெடித்து இன்ஜினைத் தட்டுவது) குறைகிறது, டியூனர் (இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றி எழுதுபவர்) பூஸ்ட்டையும் (டர்போ தரும் காற்றழுத்தம்) டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரம்) தாராளமாக ஏற்றுகிறார்.

சரி, விலை என்ன? ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு எரிபொருள் உள்ளே போயாக வேண்டும். ஏற்கெனவே பவர் ஏற்றிய வண்டியில் பம்ப் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அதன் தலையில் இன்னும் பாரம்.

நான் செய்த முதல் தப்பு இதுதான். மேப்பை, அதாவது எரிபொருளும் பூஸ்ட்டும் எவ்வளவு என்று இன்ஜின் கணினிக்குச் சொல்லும் அட்டவணையை, முதலில் எழுதி வாங்கிவிட்டு, பம்ப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவர் அளக்கும் இயந்திரம்) ஏற்றி லாக் (பதிவு) எடுத்தபோது ஹை பிரஷர் பம்ப்பிடம் கேட்டது 200 பார் அழுத்தம். 5,200 ஆர்பிஎம் தாண்டியதும் உண்மையில் வந்தது 150, அப்புறம் இன்னும் கீழே. திரையில் இரண்டு கோடுகள் ஒட்டியே போய்க்கொண்டிருந்தவை, அந்த இடத்தில் கத்தரிபோலப் பிரிந்தன. டியூனர் உடனே காலை எடுத்துவிட்டார். ரோட்டில் இருந்திருந்தால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. வண்டி நன்றாகத்தான் இழுத்தது. முழு பூஸ்ட்டில் எரிபொருள் குறைந்தால் பிஸ்டன்தான் கணக்குத் தீர்க்கும்.

எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இது இன்னும் மோசம். சிலிண்டருக்கு வெளியே காற்றுப் பாதையில் பீய்ச்சும் பழைய போர்ட் இன்ஜெக்ஷன் என்றால் பெரிய இன்ஜெக்டரும் டேங்க்குக்குள் நல்ல பம்ப்பும் போட்டு ஓரளவு சமாளிக்கலாம். டைரக்ட் இன்ஜெக்ஷனில் கேம்ஷாஃப்ட் ஓட்டும் அந்தச் சின்ன ஹை பிரஷர் பம்ப்தான் எல்லையைத் தீர்மானிக்கிறது. அதற்குப் பின்னால் டேங்க் பம்ப் சரியாக ஊட்டவில்லை என்றால் பெரிய ஹை பிரஷர் பம்ப் வாங்கியும் பிரயோஜனமில்லை. அதனால் முழு எத்தனாலுக்கு ஆசைப்படாமல், பம்ப் தாங்கும் அளவுக்கு முப்பது, நாற்பது சதவீதக் கலவையில் நின்றுவிடுவது பல வண்டிகளுக்குப் புத்திசாலித்தனம். பவரில் வரும் பெரிய தாவலும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

கலவை என்றதும் அடுத்த சறுக்கல். 2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் 'எத்தனால் 100' என்ற எரிபொருளை கர்நாடகா, தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் 183 பங்க்குகளில் அறிமுகப்படுத்தியது. பெட்ரோல், எத்தனால் இரண்டின் எந்தக் கலவையிலும் ஓடும் ஃப்ளெக்ஸ் ஃப்யூவல் வண்டிகளுக்கென்று வந்தது. பெயர்தான் நூறு, உள்ளே எத்தனால் சுமார் 93 சதவீதம், மீதி பெட்ரோலும் கொஞ்சம் கலப்பானும். இதை எடுத்துக்கொண்டு அமெரிக்கக்காரர்கள் எழுதிய கணக்குப்பொறியில் போட்டுப் பார்க்கிறார்கள் நம் ஆட்கள். அங்கே பங்க் பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் என்று வைத்துக்கொண்டு கணக்கு. இங்கே சாதாரணப் பெட்ரோலே இருபது.

50 லிட்டர் டேங்க்கில் 10 லிட்டர் எத்தனால் 100, 40 லிட்டர் சாதாரணப் பெட்ரோல். அவர்கள் கணக்குப்படி 26.6 சதவீதம். நிஜத்தில் 9.3 லிட்டரும் 8 லிட்டரும் சேர்ந்து 17.3 லிட்டர் எத்தனால், 34.6 சதவீதம். எட்டு சதவீத வித்தியாசம். விளிம்பில் டியூன் செய்த வண்டிக்கு அது போதும், பம்ப்பைக் கவிழ்க்க. போன தடவை மிச்சமிருந்த கால் டேங்க்கையும் கணக்கில் சேர்க்க மறக்கக்கூடாது. நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன்.

பங்க்கில் எழுதியிருப்பதை நம்பாமல் வீட்டிலேயே பார்த்துவிடலாம். 100 மில்லி கண்ணாடி அளவுக் குழாய் ஒன்று போதும். 50 மில்லி வரை தண்ணீர், மேலே 50 மில்லி எரிபொருள். மூடிக் குலுக்கி, மெல்ல மூடியைத் தளர்த்திக் காற்றை விட்டு, பத்து நிமிஷம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே போய்விடும், பெட்ரோல் மேலே நிற்கும். நடுக் கோடு 50-லிருந்து 60-க்கு ஏறினால் இருபது சதவீதம். 70 என்றால் நாற்பது. பால்கனியில் செய்யுங்கள், அடுப்படி பக்கம் வேண்டவே வேண்டாம். நான் முதல் தடவை செய்தபோது ஊரிலிருந்து வந்திருந்த அம்மா வாசற்படியிலேயே நின்று, "என்னடா, வீடு பூரா சாராய வாடை அடிக்குது?" என்றார். விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

தினமும் ஓட்டுகிறவர்கள், எரிபொருளில் எத்தனால் எவ்வளவு என்று அளக்கும் ஃப்ளெக்ஸ் சென்சார் போட்டுவிடுவது நல்லது. பரவலாகக் கிடைக்கும் சென்சார், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனாலுக்கு 150 என்று சிக்னல் அனுப்பும்; இசியூ (இன்ஜின் கணினி) அதைப் பார்த்து மேப்பை மாற்றிக்கொள்ளும். சென்சார் இல்லாமல் ஒரே கலவைக்கு மேப் எழுதி ஓட்டினால், ஓசூர் ரோட்டில் அவசரத்துக்கு இருபது லிட்டர் பெட்ரோல் போட்ட அன்றே கணக்கு மாறிவிடும். சேலம், கோயம்புத்தூர் கிளம்பும்போது வழியில் எத்தனால் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மைலேஜும் குறைந்திருக்கும்.

காற்று-எரிபொருள் விகிதம் காட்டும் மீட்டரைத் தப்பாகப் படிப்பது இன்னொன்று. நண்பன் ஒருவன் முழு பூஸ்ட்டில் 11.8 பார்த்துவிட்டு, "எத்தனாலுக்கு 7.8 வரணுமாம்டா, லீனா ஓடுது" (எரிபொருள் குறைவாகப் போகிறது) என்று இரவு பதினொன்றரைக்கு போன் செய்தான். அவன் மீட்டர் பெட்ரோல் அளவுகோலில் காட்டுகிறது. அதில் 14.7 என்றால் லாம்ப்டா 1, அதாவது முழுசாக எரியத் தேவையான காற்று சரியாக இருக்கிறது, எந்த எரிபொருளாக இருந்தாலும். 11.8 என்றால் 0.80, அதாவது சரியாகத்தான் ஓடியது. மீட்டரை லாம்ப்டாவுக்கு மாற்றிவிடுங்கள், தூக்கம் கெடாது.

தண்ணீர் சேர்ந்துவிடும், டேங்க்கில் இரண்டாகப் பிரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுப்பது உண்மை. ஆனால் கலவையில் எத்தனால் கூடக்கூட அந்தத் தண்ணீரைப் பிரியாமல் கரைத்து வைத்துக்கொள்ளும் திறனும் கூடுகிறது. பயப்பட வேண்டியது ஃபில்டரைப் பற்றி. எத்தனால் நல்ல கரைப்பான்; டேங்க்கிலும் குழாயிலும் பல வருஷமாகப் படிந்த பிசினையெல்லாம் கழுவிக்கொண்டு வரும். இரண்டாவது டேங்க் முடிந்ததும் என் வண்டி திக்க ஆரம்பித்தது. ஜே.சி. ரோடு பக்கம் கடை வைத்திருக்கும் தர்மபுரிக்காரர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, ஃபில்டர் மாத்துனீங்களா?" கழற்றி வெட்டிப் பார்த்தோம், உள்ளே டிகாஷன் நிறத்தில் ஊறிக் கிடந்தது. முதல் மூன்று டேங்க்குக்குள் ஒரு ஃபில்டர் போகும் என்று முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் இருந்தால் அதையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் ஆயிலை பழைய கணக்கில் மாற்றுவதும் தப்பு. வீட்டிலிருந்து ஜிம்முக்கு இரண்டு கிலோமீட்டர், திரும்பி இரண்டு கிலோமீட்டர் என்று ஓட்டினால் ஆயில் சூடாகவே வாய்ப்பில்லை. கூடுதலாகப் போகும் எரிபொருளில் கொஞ்சம் ஆயிலில் இறங்கித் தங்கிவிடும். எத்தனால் 78 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் நன்றாகச் சூடாகும்படி ஓட்டுங்கள். ஆயில் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் படிந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. நான் 5,000 கிலோமீட்டரில் மாற்றுகிறேன்.

டிரம்மில் மலிவாக ஸ்பிரிட் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். அனுமதியில்லாமல் வாங்கினால் எக்சைஸ் தொல்லை ஒரு பக்கம், உள்ளே மெத்தனால் இருந்தால் இன்னொரு பக்கம். மெத்தனாலுக்கு 6.4 கிலோ காற்றுதான். உங்கள் மேப் மொத்தமும் பொய்யாகிவிடும். உலோகத்தை அரிக்கும், மனிதருக்கும் விஷம்.

கியர்பாக்ஸையும் மறந்துவிடுகிறார்கள். நாக்கிங் தடுத்து நிறுத்தாததால் டார்க் (இன்ஜினின் திருப்பு விசை) ஏறிக்கொண்டே போகும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் வரும் டிரை கிளட்ச் டிக்யூ200 கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டருக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. பவர் ஏற்றும் மாற்றங்களுக்கு வாரண்டி போய்விடும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் குறுக்கே நிற்கும், விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார். இதெல்லாம் தெரிந்து செய்வது வேறு, தெரியாமல் செய்வது வேறு.

பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போய், வண்டியை பேஸ்மென்ட்டில் விட்டுச் செல்கிறீர்களா? கடைசி வாரம் டேங்க்கை ஏறக்குறைய காலியாக்கி, சாதாரணப் பெட்ரோல் நிரப்பி, ஐம்பது கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். இன்ஜெக்டர் அந்தப் பெட்ரோலில் நனைந்தபடி இருக்கட்டும்.