அவளும் ஊருக்கு வந்தாச்சு, கிரீன் கார்டும் போகல: என் அனுபவம்

எங்க வீட்டம்மா மலேசியா பாஸ்போர்ட், அமெரிக்க கிரீன் கார்டு. நான் பாளையங்கோட்டைக்காரன், இந்திய பாஸ்போர்ட். எங்க அம்மைக்கு ஒடம்பு முடியாமப் போகவும் ரெண்டு பேரும் ஊர்லயே வந்து இருந்துருவோம்னு முடிவு பண்ணி டிக்கெட்டும் போட்டாச்சு, அப்பதான் தெரிஞ்சுது, ஒரு வருசமோ அதுக்கு மேலயோ வெளிய இருந்துட்டா கார்டை மட்டும் காட்டி திரும்ப உள்ள போக முடியாதுன்னு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல, அவ எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்குனதுல்லா.

அதுக்கு வழி ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது ரொம்ப நாள் வெளிய இருந்துட்டு திரும்ப உள்ள போகுததுக்கு முன்னாடியே வாங்குத அனுமதி; அதுக்கு ஐ-131 ஃபார்ம். இதை அமெரிக்காவுக்குள்ள இருக்கும்போதே போடணும், திருநெல்வேலி வந்துட்டு போட முடியாது, அதனால டிக்கெட்டை தள்ளிவச்சு, கைரேகையும் குடுத்துட்டுதான் கெளம்புனோம். 2 வருசத்துக்கு குடுத்தாவ. அமெரிக்க வரியும் அவ ரெசிடென்ட்டாவே 1040 ஃபார்ம்லதான் தாக்கல் பண்ணுதா, நான்-ரெசிடென்ட்டுன்னு போட்டா கார்டை விட்டுட்டதா எடுத்துக்கிட வாய்ப்பிருக்கு. ஆனா அமெரிக்க சிட்டிசன்ஷிப்புக்கு எண்ணுத காலத்தை இந்த பெர்மிட் காப்பாத்தாது, அது தெரிஞ்சேதான் வந்தா.

இந்தப் பக்கம், இந்தியரோட மனைவிங்கற முறையில எக்ஸ் விசா. 180 நாளுக்கு மேல தங்குததா இருந்தா எஃப்ஆர்ஆர்ஓ-ல (வெளிநாட்டுக்காரங்களைப் பதியுத அரசாங்க ஆபீஸ்) காலாகாலத்துல ஆன்லைன்ல பதியணும். ஒரு ஏஜென்ட் பொறவு பாத்துக்கிடலாம்னாரு, அப்படி யாரும் சொன்னா கேக்காதீங்க. கல்யாணத்தையும் பதிவு பண்ணி வச்சிருங்க, அது இல்லாம 2 வருசம் கழிச்சு ஓசிஐ (வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடயே இந்தியாவுல விசா இல்லாம இருக்க விடுத அட்டை) கேக்க முடியாது.

அம்மை இப்போ மருமவ கையால சொதி சாப்பிடுதா.